எழுந்து நிற்கும் அந்த இரண்டு நொடி

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் காவிரித் தண்ணீர் விடியற்காலையில் வரும் நாட்களில் யாருக்கும் அலாரம் தேவையில்லை. குழாயில் முதலில் காற்று சீறும். பிறகு குடங்கள் உருளும் சத்தம் கேட்கும். எங்கள் சந்தில் எழுபதைத் தாண்டிய ஆயா ஒருவர் அந்தச் சீற்றம் காதில் விழுந்ததும் பாயிலிருந்து சட்டென எழுந்துவிடுவார். ஒருநாள் எழுந்த வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தல கிர்ருன்னு சுத்துச்சுப்பா, அப்புறம் சரியாப் போச்சு" என்றார். சரியாகிவிட்டதால் அவரும் மறந்தார், நாங்களும் மறந்தோம்.

அது எப்படிச் சரியானது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாம் படுத்திருக்கும்போது தலையும் இதயமும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் முற்றிலும் நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் தினமும் காலையில் ஊரே பாயை விட்டு எழுந்து மயங்கி விழ வேண்டும். விழுவதில்லை. காரணம், நாம் கேட்காமலேயே நடக்கும் ஒரு திருத்தம்.

தாடை எலும்பின் முனைக்குக் கீழே, கழுத்தில் விரலை மெல்ல வைத்தால் நாடி துடிப்பது தெரியும். அங்கே மூளைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் அதன் சுவர் சற்றே புடைத்து, நுண்ணிய நரம்பு முனைகள் நிரம்பியதாக இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இத்தகைய முனைகள் உண்டு. ரத்த அழுத்தம் கூடினால் சுவர் இழுபடும். நரம்பு முனைகள் படபடவெனச் சமிக்ஞை அனுப்பும். அழுத்தம் குறைந்தால் சுவர் தளரும், சமிக்ஞையும் குறையும். இந்தச் செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளம். சமிக்ஞை குறைந்ததும் முகுளம் இரண்டு காரியம் செய்கிறது. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது. வயிற்றிலும் கால்களிலும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. கீழே இறங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆயாவுக்குக் கண் இருட்டியது இந்தத் திருத்தம் சற்றுத் தாமதமாக வந்ததால். அவர் விழாமல் நின்றது, தாமதமானாலும் அது வந்து சேர்ந்ததால்.

தொட்டியும் மிதவையும்

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள மொட்டைமாடிக்குப் போனால் போதும். அங்கிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மிதவை தொங்குகிறது. தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும். மோட்டார் ஓடத் தொடங்கும். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மோட்டார் நிற்கும். அளவைப் பார்க்க ஒன்று, முடிவு செய்ய ஒன்று, வேலையைச் செய்ய ஒன்று. எந்தப் பக்கம் விலகினாலும் அதற்கு எதிர்ப்பக்கமாகத் திருத்துவதுதான் இதன் அடிப்படை. அறிவியலில் இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். எதிர்மறை என்பதால் கெட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நம்மை உயிரோடு வைத்திருப்பதே அதுதான்.

தொட்டிக்கு ஒரு மிதவை போதும். உடலுக்குள் அப்படி எத்தனையோ மிதவைகள். உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். ரத்தத்தின் அமில-காரத்தன்மை (pH) 7.35-க்கும் 7.45-க்கும் இடையில், சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை, வெறும் வயிற்றில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை. வெளியே மழையோ வெயிலோ, வயிற்றில் பிரியாணியோ பட்டினியோ, இந்த எண்கள் இம்மி அளவே அசைகின்றன.

வெளி உலகம் மாறினாலும் உடலின் உள்சூழல் மாறாமல் இருப்பதே சுதந்திரமான வாழ்வுக்கு அடிப்படை என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார். அமெரிக்காவின் வால்டர் கேனன் 1926-இல் இதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயர் சூட்டினார். தமிழில் உடற்சமநிலை என்கிறோம். கேனன் இந்த வழிக்கு வந்த கதை சுவையானது. மருத்துவ மாணவராக இருந்தபோது, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்-கதிரை வைத்து, உணவு செரிக்கும்போது பூனையின் இரைப்பை அசைவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுவிட்டது. பயம் மனத்தில், நின்றது வயிறு. இரண்டையும் இணைக்கும் கம்பி எது என்று தேடியதே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

இரண்டு கடிவாளங்கள்

அந்தக் கம்பிதான் தானியங்கு நரம்பு மண்டலம். அதில் இரண்டு பிரிவுகள். பரிவு நரம்புகள் உடலை முடுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் அமர்த்தும். பல உறுப்புகளில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இருட்டில் நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தால், யோசிப்பதற்கு முன்பே இதயம் அடித்துக்கொள்கிறது, கண்மணி விரிகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. பரிவு நரம்புகளும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் சேர்ந்து செய்யும் வேலை இது. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடுவதற்கோ உடல் தயார். நாய் போனபின் எதிர்ப்பரிவு நரம்புகளின் கை ஓங்குகிறது. இதயம் அடங்குகிறது, வாயில் ஈரம் ஊறுகிறது.

நரம்பு எப்படி இதயத்தை அடக்குகிறது? மின்சாரத்தாலா, ஏதாவது வேதிப்பொருளாலா? இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஓட்டோ லோவி. இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின், எதிர்ப்பரிவுப் பிரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயம் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு ஆணையிடுகிறது என்பது உறுதியாயிற்று. அசிடைல்கோலின் என்று இன்று அழைக்கப்படும் பொருள் அது. 1921-இல் வெளியான இந்தச் சோதனையின் எண்ணம் தூக்கத்தில் கனவாக வந்தது என்று லோவியே பிற்பாடு சொன்னார். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இழுபறியை நீங்களே இப்போது தொட்டுணரலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடி மூச்சை மெல்ல உள்ளிழுங்கள், ஐந்து நொடி மெல்ல விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். மூச்சோடு சேர்ந்து வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து இறுகுவதுதான் காரணம். இந்த ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தால் நரம்பு நலமாக இருக்கிறது என்று பொருள். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பு உடலியல் துறையில் தானியங்கு நரம்புகளைச் சோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. ஆழ்ந்த மூச்சு, படுத்து எழுந்து நிற்றல், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தல் போன்ற எளிய செயல்களின்போது நாடியும் ரத்த அழுத்தமும் எப்படி மாறுகின்றன என்பதை அளப்பதே இத்தகைய சோதனைகளின் முறை.

7.8 முதல் 39.2 வரை

பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13-இல். மிக அதிகமானது 39.2 டிகிரி, 2016 ஏப்ரல் 24-இல். இரண்டுக்கும் இடையே முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஆனால் அந்தக் குளிரில் நடுங்கியவரின் உள்வெப்பமும், இந்த வெயிலில் வியர்த்தவரின் உள்வெப்பமும் 37 டிகிரியை ஒட்டியே இருந்திருக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேற வழியில்லாமல் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது ஹைப்போதலாமஸ். மூளையின் அடிப்பகுதியில், பாதாம் பருப்பு அளவில், சுமார் நான்கு கிராம் எடையுள்ள சிறு பகுதி. தன் வழியே ஓடும் ரத்தத்தின் சூட்டையும் தோலிலிருந்து வரும் செய்தியையும் அது ஒப்பிடுகிறது. சூடு கூடினால் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, வியர்வைச் சுரப்பிகளைத் திறக்கிறது. குறைந்தால் குழாய்களைச் சுருக்கி, தசைகளை நடுங்கவைத்து வெப்பம் உண்டாக்குகிறது.

வியர்வையின் ஆற்றலை 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் சார்லஸ் பிளாக்டன் வெளியிட்ட சோதனையில் காணலாம். 127 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய அறைக்குள் அவரும் நண்பர்களும் சில நிமிடங்கள் நின்றார்கள். அதே அறையில் வைத்த மாட்டிறைச்சி வெந்துவிட்டது. உள்ளே நின்ற மனிதர்களின் உடல்வெப்பமோ பெரிதாக மாறவில்லை. உலர்ந்த காற்றில் வியர்வை ஆவியாகி அவர்களைக் காத்தது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகும்.

ஆவியானால் என்பதுதான் இங்கே முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வை குளிர்விப்பதில்லை. சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் "உங்க ஊர்ல வேர்க்கவே இல்லையே" என்று வியப்பார்கள். கடலோரத்தின் ஈரக் காற்று வியர்வையை எடுத்துக்கொள்ளாது. அது உடம்பில் வழியும். கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே உள்ள இந்த ஊரின் கோடைக் காற்று உலர்ந்தது. வியர்வை வந்ததும் காய்ந்துவிடுகிறது. வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். ஸ்ரீராம்புரத்துச் சந்தையில் தள்ளுவண்டியோடு நாள் முழுதும் வெயிலில் நிற்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

காய்ச்சல் இதன் மறுபக்கம். கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் செய்தியால் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடுகிறது. அது 37-இல் இருந்த இலக்கை 39-க்கு ஏற்றிவைக்கிறது. உடல் இன்னும் 37-இல்தான் இருக்கிறது. புதிய இலக்கோடு ஒப்பிட்டால் அது குளிர்! அதனால்தான் தொட்டால் சுடும் குழந்தை போர்வை கேட்டு நடுங்குகிறது. இலக்கு இறங்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது. "வேர்த்துவிட்டது, இனி பயமில்லை" என்று பாட்டிமார் சொன்னது சரியான கவனிப்பு. பாராசிட்டமால் அந்த இலக்கைத்தான் இறக்குகிறது. வெப்பத்தாக்கு வேறு. அங்கே இலக்கு மாறவில்லை. சமாளிக்க முடியாமல் உடல்தான் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. மாத்திரை அங்கே உதவாது. நிழலும், உடல் முழுக்கத் தண்ணீரும், விசிறியும், உடனே மருத்துவமனையும்தான் வழி.

உப்பும் சர்க்கரையும்

வியர்வையோடு தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. ரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே ஹைப்போதலாமஸ் உணர்ந்துவிடும். தாகத்தை எழுப்பும், சிறுநீரைக் குறைக்கச் சொல்லி வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விட்டு, மீதியைத் திருப்பித் தருகின்றன.

காலரா போன்ற நோயில் இந்தக் கணக்குச் சில மணி நேரத்தில் சிதறிவிடும். வெறும் தண்ணீரைக் கொடுத்தால் குடல் பிடிப்பதில்லை. ஆனால் குடலின் சுவரில் உப்பையும் சர்க்கரையையும் கைகோத்து உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று உண்டு; கழிச்சலிலும் அது மூடுவதில்லை. அவை போனால் தண்ணீரும் பின்னால் போகும். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. கடையில் இந்த உப்பு-குளுக்கோஸ் கலவை, அதாவது ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்குங்கள். உப்பின் அளவு கூடக் கூடாது.

பசி, மூச்சு, படிக்கட்டு

நம் நாட்டவர் உடலியல் துறையில் பெரும் பங்கு ஆற்றியிருக்கிறார்கள். பால் கிருஷ்ண ஆனந்த் 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து, எலியின் ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில் சிறு பகுதி சிதைந்தால் உணவு முன்னே இருந்தும் அது உண்ணாமல் கிடப்பதைக் காட்டினார். பசி என்பது வயிற்றின் குரல் என்று நாம் நினைக்கிறோம். அதைக் கேட்டு முடிவெடுக்கும் இடம் மூளையில் இருக்கிறது. பின்னாளில் அவர் டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையை வளர்த்தார்.

பர்மாவில் பிறந்து டெல்லியில் பணியாற்றிய அவதார் சிங் பெய்ண்டல், நுரையீரலின் நுண்குழாய்களுக்கு அருகே இருக்கும் ஒருவகை நரம்பு முனைகளை 1950-களில் கண்டறிந்தார். ஜே உணர்விகள் என்று அவற்றை உலகம் அழைக்கிறது. நுரையீரலில் நீர் தேங்கத் தொடங்கினால் அவை விழித்துக்கொண்டு மூச்சை மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆக்குகின்றன. ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். ஏறி நின்றதும் அடங்கிவிடும். அடங்காமல் போனாலோ, முன்பு ஏறிய படியில் இப்போது பாதியில் நிற்க வேண்டியிருந்தாலோ, அது இதயமோ நுரையீரலோ தரும் எச்சரிக்கையாக இருக்கலாம். வயது என்று தள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓயாத அலாரமும் ஒரு கேடு. நாய் போனதும் பரிவு நரம்புகள் அடங்க வேண்டும். கடன், வேலை பறிபோகும் பயம், இரவெல்லாம் ஹார்ன் சத்தம் என்று நாய் போகவே இல்லை என்றால் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் உயர்ந்தே நிற்கின்றன. ரத்த அழுத்தம் பல மாதங்கள் உயர்ந்தே இருந்தால், தொடக்கத்தில் பார்த்த கழுத்து மிதவைகளும் அந்த உயரத்தையே சரியான அளவாக எடுத்துக்கொள்கின்றன. உயர் ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு உடலில் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

நிம்ஹான்ஸ் வளாகத்தில் மூளை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் அங்கே உண்மையான மனித மூளையைப் பார்க்கலாம், கையுறை அணிந்து தொடவும் செய்யலாம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். தாகம், பசி, நடுக்கம், வியர்வை எல்லாவற்றையும் ஆளும் பகுதி எவ்வளவு சிறியது என்பதைக் கண்ணால் கண்டால் உடலின்மேல் தனி மரியாதை பிறக்கும்.

ஆயாவிடம் சொன்னது

உடலின் சமநிலை அசையாமல் நிற்கும் கல் அல்ல. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நிற்பது மாதிரி, கணத்துக்குக் கணம் சாய்ந்து, கணத்துக்குக் கணம் திருத்திக்கொள்ளும் வேலை அது. வயது ஏற ஏற அந்தத் திருத்தம் மெதுவாகிறது. நெடுநாள் நீரிழிவு தானியங்கு நரம்புகளையே அரிக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை ஆகியவற்றுள் சிலவும் எழும்போது அழுத்தத்தைச் சரிய வைக்கலாம். படுத்திருக்கும்போது அளந்ததைவிட, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதற்கு மருத்துவம் தேவை. ஆனால் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. அடுத்தமுறை போகும்போது, "படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பாருங்கள்" என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில நிமிட வேலைதான். முதியவர்கள் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் பல விபத்துகள் இப்படி எழும் நொடியில்தான் நேர்கின்றன.

எங்கள் சந்து ஆயாவுக்கு இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. குழாய் சீறினாலும் பாயில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்துகிறார். அதனால் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீரைக் குடிக்கிறார். பிறகு சுவரைப் பிடித்து நிதானமாக எழுகிறார். குடத்தைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இன்றிரவே சொல்லிவிடுங்கள்: விழித்ததும் உட்காருங்கள், ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள்.